ஏட்டு ஏசுராஜின் நோட்டில் இல்லாத முதல் வரி

மூன்று நாளில் நாற்பது நிமிடம் குறைவு. தலைமைக் காவலர் ஏசுராஜ் தன் வாழ்நாளில் பெற்ற கம்ப்யூட்டர் கல்வியின் மொத்த அளவு அதுதான்.

2004 மார்ச்சில் சென்னையில் அந்தப் பயிற்சி நடந்தது. கம்ப்யூட்டர் குற்றங்களில் தடயம் எடுப்பது எப்படி என்று, ஸ்டேஷனுக்கு ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆம்பூருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய பெரியகொல்லைமேடு ஸ்டேஷனில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். ஏசுராஜ் மட்டும் 1979இல் ஒடுகத்தூரிலிருந்து தினமும் வேலூருக்குப் பஸ் ஏறி வந்து டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவர். கம்ப்யூட்டரிலும் அதே எழுத்துகள், அதே வரிசையில்தான் இருக்கின்றன என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கே அவர் பெயர் போய்விட்டது.

முதல் நாள் காலை அவர் போன ரயில், தண்டவாளத்தில் நின்ற ஒரு எருமைக்காக நாற்பது நிமிடம் நின்றது. பிறந்ததிலிருந்து எருமைத் தோலின் வாசனையிலேயே வளர்ந்தவரை உயிருள்ள எருமை ஒன்று மறித்தது அதுதான் முதல் தடவை. பத்து மணி வகுப்புக்குப் பத்து நாற்பதுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். தடய ஆய்வகத்திலிருந்து வந்திருந்த ஃபீபி மேடம் அப்போது, ‘ரெண்டாவது’ என்று ஆரம்பித்தார். ஏசுராஜும் 2 என்று போட்டு எழுத ஆரம்பித்தார்.

2. மெஷின் அணைந்திருந்தால் போடாதே. எரிந்தால், அதை முழுக்கக் குறித்துக்கொள்ளும் வரை அணைக்காதே.
3. ஒவ்வொரு வயருக்கும் சீட்டுக் கட்டு.
4. காந்தத்தைக் கிட்டே விடாதே.
5. அழித்ததெல்லாம் அழிந்துவிடாது.
6. உன்னிடம் என்ன தடயம் இருக்கிறது என்று சந்தேக நபரிடம் சொல்லாதே.

முதல் பாயிண்ட் என்ன என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டார். ‘இன்னா பெருசா, வணக்கம், வருக வருகன்னு சொல்லியிருப்பாங்க’ என்றார் அவர். நியாயமாகத்தான் பட்டது.

மூன்றாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். ஏசுராஜ் அதைக் கண்ணாடி போட்டு வீட்டுக் கூடத்தில் இயேசுநாதர் படத்துக்கு ஒரு சாண் கீழே மாட்டினார். கல்யாண போட்டோ சமையல்கட்டுக்கு நகர்ந்தது. அவர் மனைவி தேவகிருபை ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பேசாமல் இருந்து பழக்கமில்லாதவர். மூன்று நாள் படித்தவருக்கே இவ்வளவு பெரிய சட்டம் என்றால், முப்பது வருஷம் படிப்பவர்கள் சுவருக்கு எங்கே போவார்கள் என்று கேட்டார்.

அதற்கப்புறம் ஊரில் அவர் ‘கம்ப்யூட்டர் ஏட்டு’ ஆனார். நான்கு மாதத்தில் அவரிடம் வந்த கேஸ்கள்: ஓடாத டிவி ரிமோட் இரண்டு, கணக்குத் தப்பாகப் போடும் கால்குலேட்டர் ஒன்று, ரேஷன் கார்டில் ‘ஆண்’ என்று அச்சாகிவிட்ட ஒரு கோவிந்தம்மாள். நிஜமான கம்ப்யூட்டர் கேஸ் ஒன்றுகூட இல்லை. நோட்டு சட்டைப் பையிலேயே காத்திருந்தது.

ஜூலை மாதம் ஒரு புதன்கிழமை காலை அது வந்தது.

நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. அதன் ஜெனரல் மேனேஜர் ராமலிங்கம், ஆறடி ஆள், ஸ்டேஷனுக்குள் குனிந்து நுழைந்து ஒரு கவரை இன்ஸ்பெக்டர் மேஜைமேல் வைத்தார். உள்ளே ஒரு போட்டோ. ராமலிங்கமேதான். கம்பெனி ஷோரூமில் நாற்காலியில் சாய்ந்து இரண்டு காலையும் மேஜைமேல் போட்டிருக்கிறார். ஷூ இல்லை. இடது கால் சாக்ஸில் ஒரு ஓட்டை. அதன் வழியாகப் பெருவிரல் முழுசாக வெளியே நிற்கிறது. வாய் கடைவாய்ப்பல் தெரியும் அளவுக்குத் திறந்திருக்கிறது.

இந்தப் படம் செவ்வாய்க்கிழமை கம்பெனியின் சொந்த இமெயிலிலிருந்தே வெளிநாட்டில் ஷூ வாங்குகிற முப்பத்தேழு கம்பெனிகளுக்கும் போயிருந்தது. படத்தோடு போன வாசகம்: ‘எங்கள் புதிய மாதிரி இணைக்கப்பட்டுள்ளது. தரம் பார்த்து உடனே பதில் தரவும்.’

பதிலும் தந்திருந்தார்கள். தோல் பரவாயில்லை, சாக்ஸை ஏற்க முடியாது என்று ஹாம்பர்க்கிலிருந்து எழுதியிருந்தார்கள். இத்தாலிக்காரர் ஒருவர் இந்த மாடல் வேறு கலரில் வருமா என்று விசாரித்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் போட்டோவை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் படித்தார். போட்டோவின் விளிம்பு நடுங்கியது. கடைசியில் தொண்டையைச் செருமி, கம்ப்யூட்டர் குற்றச் சட்டத்தில் வழக்கென்று போட்டால் டிஎஸ்பிதான் விசாரிக்க வேண்டும், முதலில் மனு விசாரணை செய்வோம் என்றார். பிறகு, ‘ஏசு, உன்னோடதுதான்யா’ என்றார்.

ஏசுராஜ் பதினொன்றரைக்குக் கம்பெனியில் இருந்தார். இன்டர்நெட் உள்ள கம்ப்யூட்டர் அங்கே ஒன்றுதான்; ஏற்றுமதிப் பேப்பர்கள் தயார் செய்யும் அறையில் இருந்தது. அதை இயக்குபவர் நசீமுன்னிசா. இருபத்தாறு வயது, தபாலில் பி.காம். படித்தவர். ஐந்து வருஷமாக அந்த மேஜை அவருடையது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று ஷூ கம்பெனியிலேயே சட்டம் போட்டு வைத்திருந்த பெண். ஏசுராஜ் பூட்ஸைக் கழற்றும்போது தன் சாக்ஸை ஒருமுறை குனிந்து சரிபார்த்துக்கொண்டார்.

மெஷின் எரிந்துகொண்டிருந்தது. எரிந்தால் எல்லாவற்றையும் குறித்துக்கொள் என்கிறது நோட்டு. சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டுமே என்று தோல் கிடங்கிலிருந்து மஹபூப் பாஷாவைக் கூப்பிட்டார்கள். வருகிற தோலை விரலால் தடவித் தரம் பிரிக்கிறவர். முப்பது வருஷ அனுபவம்.

அனுப்பிய கடிதங்கள் இருக்கும் இடத்தில் அந்தக் கடிதம் இல்லை. யாரோ அழித்திருந்தார்கள். ஏசுராஜ் பதறவில்லை. ஐந்தாவது பாயிண்டைப் புரட்டினார், திரையின் இடது பக்கம் ‘அழித்தவை’ என்று ஒரு பெட்டி இருந்தது, திறந்தார். அழித்தவை எல்லாம் அங்கே சமர்த்தாகக் கிடந்தன. எந்தக் குழந்தையும் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் அந்த அறையில் அப்போது அதைச் செய்தது அவர் என்பதால் எல்லோரும் மூச்சை இழுத்தார்கள்.

மஹபூப் பாஷா மட்டும் அசரவில்லை. ‘இதுல இன்னா அதிசயம் ஏட்டய்யா? சுண்ணாம்புல போட்டு முடியெல்லாம் எடுத்தாலும் தோல்ல புள்ளி நிக்கும். அதப் பாத்தே ஆடா மாடான்னு நான் சொல்லிடுவேன்.’

ஏசுராஜுக்கு அந்த வரி பிடித்துப்போனது. ஐந்தாவது பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் ‘முடி போகும், புள்ளி நிற்கும்’ என்று குறித்துக்கொண்டார்.

கடிதத்தின் தலையில் நேரம் இருந்தது: செவ்வாய், பகல் 1:08. அதைப் பார்த்ததும் அவருக்குக் கேஸ் முடிந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு மணி என்றால் சாப்பாட்டு நேரம். கம்பெனியே கேன்டீனில் இருக்கும். இங்கே யார் இருப்பார்கள்?

நசீமுன்னிசாவிடம் திரும்பினார். ஆறாவது பாயிண்ட்: தடயத்தைச் சொல்லாதே. அதனால் சுற்றி வளைத்துக் கேட்டார். ‘ஏம்மா, நேத்து மதியம் சாப்பாட்டு டைம்ல நீ எங்க இருந்த?’

‘இங்கதான் சார். டப்பா கொண்டாந்து இங்கயே சாப்பிடுவேன். மெஷினத் தனியா வுட்டா யாராவது வந்து நோண்டுவாங்க.’

‘வேற யாரு இருந்தாங்க?’

‘யாரும் இல்ல சார்.’

‘இந்த லெட்டர அழிச்சது?’

‘நான்தான் சார். காலைல ஜிஎம் சார்தான் அழிச்சுத் தொலைன்னு கத்துனார்.’

ராமலிங்கம் தான் அப்படிச் சொன்னதாகவே நினைவில்லை என்றார். ஏசுராஜ் மூன்று பதிலையும் எழுதிக் கோடு போட்டார். திரையில் இருந்த ஒவ்வொரு படத்தையும், மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளரையும் சாப்பாட்டு டப்பாவையும்கூடப் பட்டியலில் சேர்த்தார். அந்தத் திரையில் அவர் பார்க்காமல் விட்டது ஒரே ஒரு மூலைதான்.

பிறகு மெஷினை அணைத்து, ஏழு வயருக்கும் ஏழு சீட்டுக் கட்டினார். சீட்டு இல்லையே என்று யோசித்தபோது மஹபூப் பாஷா தோல் கட்டில் தொங்கவிடும் அட்டைகளைக் கொண்டுவந்தார். அதனால் சிபியு பெட்டி, ‘முதல் தரம், ஆட்டுத்தோல்’ என்று ஏழு இடத்தில் அச்சடித்த அட்டைகளோடு ஏசுராஜின் மடியில் ஆட்டோவில் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தது. வழியில் இருந்த வேகத்தடைகளில் ஒவ்வொன்றுக்கும் அவர் பெட்டியை நெஞ்சோடு தூக்கிக்கொண்டார்.

ஸ்டேஷனில் புதிய பிரச்சினை. இன்ஸ்பெக்டர் ரத்தக் கொதிப்புக்காகக் கையில் காந்த வளையம் போட்டிருந்தார்; அந்த வருஷம் வேலூர் மாவட்டத்தில் பாதிப்பேர் காந்தப் படுக்கையில் படுத்து, காந்தத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான்காவது பாயிண்ட்டைக் காட்டி ஏசுராஜ், ஐயா ஐந்தடிக்கு அந்தப் பக்கமே நிற்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடும் போட்டார். இன்ஸ்பெக்டர் கோட்டுக்கு வெளியே நின்றபடியே, மவுஸில் கைரேகை எடுக்கலாமே என்றார். பெஞ்சில் உட்காரவைத்திருந்த குடிகாரர் ஒருவர் துண்டு போர்த்திய பெட்டியை வெகுநேரம் பார்த்துவிட்டு, ‘இன்னா சார் பண்ணுச்சு அது?’ என்று அனுதாபத்தோடு விசாரித்தார்.

வியாழக்கிழமை ராமலிங்கம் போன் செய்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். விசாரணை ரகசியம், சொல்லக் கூடாது என்றார் ஏசுராஜ். சொல்ல வேண்டாம், ஆளா பேயா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார் ராமலிங்கம். நான்கு மாதமாக ரிமோட் பழுதுபார்த்த மனிதனுக்கு அந்த ஆசையை அடக்க முடியவில்லை. பகல் ஒரு மணி எட்டு நிமிடம், அந்த நேரத்தில் அறையில் ஒரே ஆள் என்று சொல்லிவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் நசீமுன்னிசாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை முதலாளி வெளிநாட்டிலிருந்து வருகிறார்; வந்ததும் வேலை நீக்கக் கடிதத்தில் கையெழுத்து. போலீஸ் கேஸில் வெளியே போன பெண்ணை ஆம்பூரில் வேறு எந்தக் கம்பெனியும் கம்ப்யூட்டர் பக்கம் விடாது.

அன்று சாயங்காலம் ஏசுராஜ் காபி குடித்துக்கொண்டே கேஸைக் கண்டுபிடித்த கதையை மனைவியிடம் சொன்னார். தேவகிருபை அடை மாவைக் கரண்டியால் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

‘ஒண்ணு எட்டுக்கு ஏம்மா இப்படிப் பண்ணன்னு அந்தப் பொண்ணக் கேட்டீங்களா?’

‘அதெல்லாம் கேக்கக் கூடாது. ஆறாவது பாயிண்ட்.’

‘கேக்காமலே எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?’

‘மெஷின் சொல்லுது.’

‘எங்க கிளாஸ்ல ஒருத்தன் கிள்ளிட்டான்னு இன்னொருத்தன் சொன்னா, நான் ரெண்டு பேரையும்தான் கேப்பேன்’ என்றார் தேவகிருபை. அடையைத் திருப்பிப் போட்டார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அது அவர் வழக்கமே இல்லை என்பதால் ஏசுராஜுக்கு அடை இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பெட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பும் முறையைக் கேட்கிற சாக்கில் ஃபீபி மேடத்துக்குப் போன் போட்டார். பாராட்டு வரும் என்று பாதி எதிர்பார்ப்பு. மேடம் பொறுமையாக முழுக்கக் கேட்டார். வயருக்குச் சீட்டு கட்டினீர்களா? கட்டினேன். காந்தம்? கோடே போட்டிருக்கிறேன் மேடம்.

‘முதல் பாயிண்ட்?’

ஏசுராஜ் நோட்டைப் புரட்டினார். முதல் பக்கம் 2 என்று ஆரம்பித்தது. அதற்கு மேலே நோட்டுக் கம்பெனிக்காரன் அச்சடித்த பூதான் இருந்தது.

‘மேடம், அது வணக்கம், வருக வருக இல்லைங்களா?’

மேடம், ஒன்றாம் வகுப்புக்குச் சொல்வது மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ‘மெஷின்ல இன்னா மணி காட்டுதுன்னு பாருங்க. உங்க கைக்கடிகாரத்துல இன்னா மணின்னு பாருங்க. ரெண்டையும் எழுதுங்க. அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். அந்த மெஷினோட கடிகாரமே தப்பா இருந்தா, அது போடற ஒவ்வொரு நேரமும் தப்புதானே ஏட்டய்யா?’

ஏசுராஜ் நின்றபடியே உட்காரும் இடத்தைத் தேடினார். புதன்கிழமை திரையில் எல்லாவற்றையும் எழுதினார். வலது பக்கம் கீழ் மூலையில் மணி காட்டும் இடத்தை மட்டும் அவர் கண் தொடவில்லை.

இப்போது மெஷினைப் போட்டுப் பார்க்கலாமா என்றால், கூடாது, இரண்டாவது பாயிண்ட். ஆய்வகத்துக்கு அனுப்பினால் வரிசை இருக்கிறது, மூன்று வாரம் ஆகும் என்றார் மேடம். முதலாளி வர இருப்பது மூன்று நாளில். போனை வைக்கும் முன் மேடம் ஒரு வழி சொன்னார்: அந்த மெஷினைத் தினமும் பார்க்கிறவரைக் கேளுங்கள். தேவகிருபையும் மேடமும் எப்போது பேசிவைத்துக்கொண்டார்கள் என்று ஏசுராஜுக்கு ஒரு கணம் சந்தேகமே வந்தது.

நசீமுன்னிசாவின் வீடு ஆம்பூரில் பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில். போலீஸ் சட்டையைப் பார்த்ததும் சந்தில் ஐந்து ஜன்னல் திறந்தது. ஏசுராஜ் வாசலிலேயே நின்று தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நசீமுன்னிசா கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தார். கண் வீங்கியிருந்தது, ஆனால் குரலில் அழுகை இல்லை. கோபம்தான் இருந்தது.

‘இன்னா சார், இன்னும் எதையாவது அழிச்சேன்னு சொல்லப்போறீங்களா?’

‘ஒரே ஒரு கேள்விம்மா. உன் கம்ப்யூட்டர்ல மணி கரெக்டா இருக்குமா?’

‘கரெக்டாத்தான் இருக்கும். ஒரு நிமிஷம் ஜாஸ்தி கம்மி இருக்காது.’

ஏசுராஜின் தோள் இறங்கியது. கிளம்பத் திரும்பினார்.

‘ஜெர்மனிக்கு’ என்றார் நசீமுன்னிசா.

‘இன்னாது?’

‘ஜெர்மனிக்குக் கரெக்டா இருக்கும் சார். ஹாம்பர்க் ஆபீஸ் மூடறதுக்குள்ள பேப்பர் போவணும். நம்ம டைம்ல கணக்குப் போட்டுப் போட்டு ரெண்டு வாட்டி லேட்டாயிடுச்சு, ஜிஎம் சார் கத்துனார். பேஜாரா இருக்குதுன்னு மெஷினையே அவங்க டைமுக்குத் திருப்பி வெச்சுட்டேன். மூணு வருஷமாச்சு. நம்ம டைமுக்கு இதோ வாட்ச் இருக்குதுல்ல.’

ஏசுராஜ் விரலை மடக்கினார். இந்தக் கோடைக் காலத்தில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். மெஷினில் ஒன்று எட்டு என்றால் ஆம்பூரில் நாலு முப்பத்தெட்டு. ஒருமுறை போட்ட கணக்கை இன்னொருமுறை போட்டார்.

‘செவ்வாய்க்கெழம நாலரை மணிக்கு நீ எங்கம்மா இருந்த?’

‘அம்மாவக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன் சார். மூணே காலுக்கே பெர்மிஷன் போட்டுட்டுப் போய்ட்டேன். கேட்ல எழுதியிருப்பாங்க. இத மொதல்லயே கேட்டிருக்கலாமே சார் நீங்க?’

ஆறாவது பாயிண்ட் என்று வாய்வரை வந்தது. ஏசுராஜ் அதை முழுங்கிவிட்டு, ‘என் தப்புதாம்மா’ என்றார். ஐந்து ஜன்னலிலும் அது தெளிவாகக் கேட்டது.

சனிக்கிழமை காலை முதல் வேலையாகக் கம்பெனி கேட்டுக்குப் போனார். வாட்ச்மேன் பட்டாளத்தில் இருந்தவர். உள்ளே வரும் நாயைக்கூட நேரம் போட்டு எழுதுகிற ஆள். ரிஜிஸ்தரில் செவ்வாய்க்கிழமை பக்கத்தில் நசீமுன்னிசா, வெளியே 3:15, கையெழுத்து. திரும்பி வந்ததாகப் பதிவு இல்லை. சுவர்க் கடிகாரமும் ஏசுராஜின் கைக்கடிகாரமும் ஒரே மணி காட்டுகின்றனவா என்று பார்த்து, இரண்டையும் எழுதிக்கொண்டார். பட்ட காயம் அப்படி.

அப்படியானால் நாலு முப்பத்தெட்டுக்கு அந்த மேஜையில் உட்கார்ந்தது யார்? முதலில் ஜெனரல் மேனேஜரிடமே வாக்குமூலம் வாங்கிவிடலாம், புகார்தாரர் வாக்குமூலம் எப்படியும் தேவை என்று அவர் அறைக்குப் போனார். ராமலிங்கம் சந்தோஷமாகவே உட்காரச் சொன்னார். ஏசுராஜ் பேப்பரை எடுத்து வைத்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை மணி வாக்கில் ஐயா எங்கே இருந்தீர்கள் என்று, எல்லோரையும் கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டார்.

அந்த நேரத்தில்தானே பேஜாரே என்றார் ராமலிங்கம். ஹாம்பர்க்காரன் பழுப்பு ஷூவின் படம் அன்றைக்கே வேண்டும் என்று போன் செய்துவிட்டான். நசீமுன்னிசா பெர்மிஷனில் போய்விட்டாள். தானே போய் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தார். அவள் எழுதி வைத்திருந்த கடிதம் ஒன்று தயாராக இருந்தது. புதிய மாதிரி, தரம் பார், பதில் தா என்று எப்போதும் போகிற கடிதம். கேமராவிலிருந்து இறக்கியிருந்த படங்களுக்குப் பெயரே இல்லை, வெறும் நம்பர். கடைசியாக எடுத்ததுதான் கடைசி நம்பராக இருக்கும் என்று அதைச் சேர்த்தார். அனுப்பு என்று அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மெஷின் சும்மா நின்றது. சீ என்று எழுந்து வந்து, ஷூவையே கூரியரில் போட்டுவிட்டார்.

ஏசுராஜ் எழுதிக்கொண்டே இருந்தார். பேனாவை எடுக்காமல், கேமராவும் அப்படித்தானா என்று கேட்டார்.

‘அது அதுக்குமேல. அன்னிக்கு மதியம் காலண்டருக்கு ஒரு போட்டோ வேணுமேன்னு ஷோரூம்ல அத ஷெல்ஃப்மேல வெச்சேன். பத்து செகண்டுல தானா எடுக்கும்னு சொன்னாங்க. புது ஷூவைப் போட்டுக்கலாம்னு பழசக் கழட்டிட்டு உக்காந்திருந்தேன். டிக்குன்னு ஒரு சத்தம் கேக்கணுமா இல்லியா? ஒண்ணும் கேக்கல. எனக்குக் கொட்டாவியே வந்துடுச்சு. இந்தக் கம்பெனியில ஒரு மெஷினும் வேலை செய்யாது ஏட்டு.’

வாக்குமூலம் வாங்கினால் அதைத் திரும்பப் படித்துக் காட்டி, சரிதான் என்று கையெழுத்து வாங்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக ஏசுராஜ் ஒருமுறைகூட அதை விட்டதில்லை. எழுந்து நின்று, கோர்ட்டில் படிக்கிற குரலில் படித்தார். ‘மேற்படி செவ்வாய்க்கிழமை மதியம் நான் கேமராவை ஷெல்ஃப்மேல் வைத்துவிட்டு, காலணியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் அமர்ந்தேன். எனக்குக் கொட்டாவி வந்தது.’

ராமலிங்கம் தலையாட்டினார்.

‘பின்னர் மாலை சுமார் நாலரை மணிக்கு, கேமராவில் கடைசியாக எடுக்கப்பட்ட படத்தை மேற்படி கடிதத்தோடு சேர்த்து நானே…’

தலையாட்டல் பாதியில் நின்றது. ராமலிங்கத்தின் பார்வை மெதுவாகக் கீழே இறங்கி, மேஜைக்கு அடியில் தன் இடது பாதத்தில் போய் நின்றது. ஏசுராஜ் படிப்பதை நிறுத்தவில்லை. முழுசாகப் படிப்பதுதான் முறை. முந்தின நாள் நசீமுன்னிசா சொல்லியிருந்தபடி, அவர் எழுதி வைத்த அந்தக் கடிதம் சீசன் ஆரம்பத்தில் எல்லோருக்கும் அனுப்புவதற்காக முப்பத்தேழு முகவரியோடு தயாராக இருந்தது என்பதையும், டெலிபோன் லைன் மெதுவாக இருந்ததால் மெஷின் கொஞ்ச நேரம் கழித்து அதை அனுப்பியது என்பதையும் பிறகு வாய்மொழியாகச் சேர்த்துச் சொன்னார். மெஷின் இரண்டும் நன்றாகவே வேலை செய்தன என்பதைச் சொல்லவில்லை. அது தானாகவே அறைக்குள் நின்றுகொண்டிருந்தது.

ராமலிங்கம் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். ‘ஏட்டு, இது வெளிய போவணுமா?’

‘மனுவ வாபஸ் வாங்கிட்டா கேஸே இல்ல சார். ஆனா அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லன்னு உங்க கையால ஒரு வரி எழுதித் தரணும். நானும் என் பங்குக்கு ஒண்ணு எழுதித் தரேன். ஒண்ணு எட்டுன்னு உங்ககிட்ட ஒளறினது நான்தான்.’

ராமலிங்கம் எழுதினார். அதையும் ஏசுராஜ் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நசீமுன்னிசா வேலைக்கு வந்தார். சிபியு பெட்டி ஏசுராஜின் மடியில் வந்தது. ஏழு ஆட்டுத்தோல் அட்டைகளையும் பார்த்துப் பார்த்து வயர்களைச் செருகினார்; ஒன்று மிஞ்சியது. நசீமுன்னிசா அவரை நகரச் சொல்லிவிட்டு மூன்றை மாற்றிப் போட்டார். மஹபூப் பாஷா ரசீதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, அட்டைகளைத் திரும்ப எண்ணி வாங்கிக்கொண்டார்.

மெஷின் எரிந்தது. ஏசுராஜ் முதலில் வலது பக்கம் கீழ் மூலையைப் பார்த்தார். 5:54. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 9:24. நோட்டைப் பிரித்து, அச்சடித்த பூவுக்குக் கீழே இருந்த கொஞ்சம் இடத்தில் 1 என்று எண் போட்டு இரண்டு நேரத்தையும் எழுதினார்.

நசீமுன்னிசா அதை எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் ‘இது ஜெர்மனி மணி’ என்று பெரிதாக எழுதி மானிட்டருக்கு மேலே ஒட்டினார். கீழே, ‘ஜிஎம் சார் தொட வேண்டாம்’ என்று சிறிதாக எழுதினார்.

செப்டம்பரில் சென்னையில் அதே பயிற்சி மறுபடியும் நடந்தது. காலை பத்து மணி வகுப்புக்கு ஏசுராஜ் முந்தின நாள் மத்தியான வண்டியிலேயே ஏறிவிட்டார்.